மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்: வேலையை மாற்றிக்கொண்டு மறுபடி பந்தயத்துக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் இறக்கம்தான், ஆனால் அது ஆற்றுத் தண்ணீருக்கு மட்டும் தெரிந்த இறக்கம், நம் காலுக்குத் தெரியாது. இப்படி ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு மலைச் சைக்கிள் பந்தயத்துக்குத் திரும்பப் போகிறேன் என்று சொன்னால் டீக்கடையில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். "ஏந் தம்பி, வேலை போயிருச்சா?" என்று ஒரு பெரியவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

அவர் கேட்டதில் பாதி சரி. இருபதுகளில் நீலகிரியிலும் பெங்களூர்ப் பக்கமும் சில பந்தயங்கள் ஓட்டினேன், ஒரு விழுதலில் காறை எலும்பு முறிந்தது, அப்புறம் சென்னையில் எட்டு வருடம் இரவு ஷிப்ட். அமெரிக்கக்காரன் விழித்திருக்கும்போது நானும் விழித்திருக்க வேண்டிய வேலை. இப்போது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், விவசாயிகளே சேர்ந்து நடத்தும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கும் கொள்முதலும் பார்க்கிறேன், பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே, 38 வயதில் மறுபடி நம்பர் தாளைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கிறேன். என்னிடம் கேட்பவர்கள் "மனசுக்குப் பிடித்த வேலை எப்படிக் கண்டுபிடிப்பது", "திரும்பப் பந்தயத்துக்கு எப்படி வருவது" என்று இரண்டு கேள்வியாகக் கேட்கிறார்கள். எனக்கு அது ஒரே கேள்வி: சாயங்காலம் ஆறு மணிக்கு உங்களில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? மலை இல்லை என்பதெல்லாம் சமாளிக்கக்கூடிய சின்ன விஷயம்.

நோட்டுப் புத்தகம்

வேலையை விடுவதற்கு முன் மூன்று வாரம் எழுதுங்கள். செல்போனில் வேண்டாம், பத்து ரூபாய் நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் மூன்றே குறிப்பு: இன்று செய்ததில் எந்த வேலையை மணி பார்க்காமல் செய்தேன், அது யாருக்குப் பயன்பட்டது, முடித்தபோது உடம்பு எப்படி இருந்தது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த விடை கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. நான் ஏதோ பெரிய கனவு வெளியே வரும் என்று நினைத்திருக்க, நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது இரண்டுதான்: புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, குழம்பிக் கிடக்கும் கணக்குத் தாளைச் சரிசெய்வது. வேலை பிடிக்காமல் போகவில்லை, அந்த நேரம்தான் ஆளைத் தின்றுகொண்டிருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் வேலையை விடாமல் பகல் ஷிப்டுக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரலாம். அதை முதலில் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை.

பணம், காப்பீடு

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள். குறைந்தது ஒன்பது மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் டெல்டாவில் விவசாயத்தை ஒட்டிய எந்த வேலையிலும் பணம் மாதாமாதம் வராது, அறுப்பு அறுப்பாக வரும். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், ஐந்து வருடத் தொடர்ச் சேவை முடியாமல் எடுத்தால் வரி வேறு கட்ட வேண்டும். கிராஜுவிட்டிக்கும் அதே ஐந்து வருடக் கணக்குதான் பொதுவாக, ராஜினாமா தேதியை அதைப் பார்த்து எழுதுங்கள்.

காப்பீட்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். கம்பெனி கொடுத்த குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். விடுவதற்கு முன்னாலேயே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், ஏனென்றால் புதிதாக எடுத்தால் ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அப்புறம் விலக்குப் பட்டியலில் சாகச விளையாட்டு பற்றிய வரியைத் தேடி வாசியுங்கள். "தொழில்முறையாகப் பங்கேற்றால்" என்று எழுதியிருக்கிறதா, அல்லது பங்கேற்றாலே கிடையாது என்கிறதா? இந்த ஒரு சொல்லில் இருக்கிறது உங்கள் அடுத்த எலும்பு முறிவின் செலவு.

வேலை தேடுவது

என் முதல் முயற்சி படுதோல்வி. நண்பனோடு சேர்ந்து மரச்செக்கு எண்ணெய் போட்டேன். சொந்தத் தொழில் என்றால் நேரம் நம் கையில் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி இறங்கினேன், காலை நான்கு மணிக்கு எள்ளும் கடலையும் காயப்போடுவதில் தொடங்கி இரவு பாட்டில் ஒட்டுவது வரை பதினாலு மாதம், செக்கு வைத்தவன் செக்குமாடாகவே ஆகிப்போனேன். அந்தப் பதினாலு மாதத்தில் சைக்கிளை மொத்தமாக ஆறு முறை எடுத்திருப்பேன். நஷ்டம் பெரிதில்லை, நட்பும் தப்பியது, ஆனால் அதில் கற்றுக்கொண்டதுதான் இது: வேலையைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதன் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது முடிகிறது, நடுவில் எத்தனை போன் வருகிறது?

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி போய் உட்காருவது. நான் இரண்டு சனிக்கிழமை சம்பளம் இல்லாமல் அந்த உற்பத்தியாளர் நிறுவனத்தின் கொட்டகையில் உட்கார்ந்து, மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் மூட்டை மூட்டையாக வருவதையும், எடை மிஷின் பக்கத்தில் நடக்கும் சண்டையையும், மூன்று வெவ்வேறு நோட்டில் மூன்று வெவ்வேறு தொகை எழுதியிருந்ததையும் பார்த்தேன். இரண்டாவது சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரே தாளில் கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தேன். அங்கேயே வேலை கேட்டுவிட்டேன்.

இந்தப் பக்கம் வேறு என்ன இருக்கிறது? தஞ்சாவூரில் 2024இல் டைடல் நியோ பூங்கா திறந்தார்கள், கணினி வேலையை விட மனமில்லாதவர்கள் அங்கே பார்க்கலாம், அல்லது பகல் நேர வேலையாக வீட்டிலிருந்தே செய்யலாம். உணவுத் தொழிலில் ஆர்வம் என்றால் புதுக்கோட்டை சாலையில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஒரு காலத்தில் நெல்லுக்கான ஆராய்ச்சி மையமாக இருந்தது. தொழில் தொடங்குபவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்துவிட்டதால் பெரிய எண்ணெய், உலோக ஆலை வேலைகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். எதில் சேர்ந்தாலும் நேர்முகத்தில் வெட்கப்படாமல் கேட்க வேண்டியது: அறுப்புக் காலத்தில் எத்தனை மணி நேரம், ஞாயிறு வரவேண்டுமா, இரவில் போன் எடுக்க வேண்டுமா. சுவாரசியமில்லாத வேலையாக இருந்தாலும் ஐந்து மணிக்கு ஆளை விட்டுவிடும் என்றால் அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து நன்றாக ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

பரணில் கிடக்கும் சைக்கிள்

பழையதை உடனே தூக்கிப் போடவும் வேண்டாம், அப்படியே ஏறி ஓட்டவும் வேண்டாம். பத்து வருடம் கிடந்த சைக்கிளில் கண்ணுக்குத் தெரியாமல் செத்துப்போவது மூன்று: முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்கும் ஃபோர்க்கின் சீல், ஹைட்ராலிக் பிரேக்கின் எண்ணெய், டயரின் ரப்பர். ஃபோர்க்கை ஓட்டத்தில் இருக்கும்போதே சுமார் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் மாற்றச் சொல்வார்கள், கிடந்ததற்குக் கேட்கவே வேண்டாம். பிரேக்கில் கவனம்: சில கம்பெனிக்கு மினரல் ஆயில், சில கம்பெனிக்கு டாட் திரவம், ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிப்போய் பிரேக் காலி. நம்ம ஊர் கடையில் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதையே ஊற்றிவிடுவார்கள், லிவர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ஹெல்மெட் ஒருமுறை அடிபட்டிருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், புதிது வாங்குங்கள்.

26 அங்குலச் சக்கரம் வைத்த பழைய சைக்கிள் என்றால் பயிற்சிக்குப் போதும். ஆனால் நல்ல டயர் கிடைப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிறது, பந்தயத்தில் இப்போது 29தான் எங்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் வாங்குங்கள்: விலை குறைவு, இந்தச் சேற்றில் பராமரிப்பதும் சுலபம். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் பெரியதாக 50 பல்லுக்கு மேல் உள்ளது இருந்தால் மலையில் தெய்வம்.

இன்னொன்று, இது டெல்டாவுக்கென்றே உள்ளது: சீமைக் கருவேல முள். ஆற்றங்கரையில் டியூப் போட்டு ஓட்டினால் வாரம் இரண்டு பஞ்சர் நிச்சயம். டியூப்லெஸ்ஸுக்கு மாறுங்கள், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், தேதி குறித்துவைத்து ஊற்றுங்கள். முள் குத்தியதும் உடனே பிடுங்காதீர்கள், பிடுங்கினால் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்பிச் சக்கரத்தைச் சுற்றவிடுங்கள். பையில் ஒரு டியூபும் இருக்கட்டும், எல்லாத் தொழில்நுட்பமும் கைவிடும் நாள் ஒன்று வரும்.

உடம்பு

35 தாண்டியிருந்தால் முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துவிட்டு வாருங்கள். இதற்கு மேல் இதைப்பற்றி வாதம் வேண்டாம்.

திரும்பி வருபவர்கள் செய்யும் தவறு புதியவர்கள் செய்யும் தவறைவிட மோசமானது. புதியவருக்குத் தன் வேகம் தெரியாது. நமக்கோ பத்து வருடத்துக்கு முந்தைய வேகம் ஞாபகம் இருக்கிறது, மூச்சு அந்த ஞாபகத்துக்கு ஓடிப்போய் ஈடுகொடுக்கப் பார்க்கும், முட்டிதான் கொடுக்காது. முதல் ஆறு வாரம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். தனியாகப் போனால் வாய்விட்டு ஏதாவது பாடிப் பாருங்கள், வரி முறியாமல் வந்தால் சரியான வேகம். செவ்வாய், வியாழன் காலையில் ஒரு மணி நேரம், சனிக்கிழமை அரை மணி நேரம் சைக்கிளை லாகவமாகக் கையாளும் பயிற்சி, ஞாயிறு இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான், வாரத்துக்கு ஐந்து மணி நேரம். ஒவ்வொரு நான்காவது வாரமும் பாதியாகக் குறையுங்கள். ஆறு வாரம் கழித்து வியாழக்கிழமையைக் கடினமாக்குங்கள்: எட்டு நிமிடம் மூச்சு வாங்க, நான்கு நிமிடம் சும்மா, இப்படி நான்கு தடவை.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஐந்துக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பாக்கி. நான் பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுக்கொள்கிறேன், வந்ததும் நீராகாரம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 60 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதாவது நடுத்தர வாழைப்பழம் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. பந்தயக்காரர்கள் பிழிந்து விழுங்கும் விலை உயர்ந்த மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டுக்குப் பதில் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் வைத்து ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில் கடலைமிட்டாயை மென்று பாருங்கள், ஜெல்லை ஏன் கண்டுபிடித்தார்கள் என்று புரியும்.

ஏற்றத்துக்கு எங்கே போவது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றுதான் நமக்கு மலை. ஆடியில் கல்லணைக் கால்வாய்க் கரையில் மேற்கு நோக்கி ஓட்டுங்கள், கனமான கியரில், நிமிடத்துக்கு 55, 60 சுற்று மட்டும் மிதித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே. பத்து நிமிடத்தில் தொடை சொல்லும், இது ஏற்றமா இல்லையா என்று. காற்று ஒரே சீராக அடிப்பதால் மலையைவிட நல்ல பயிற்சி என்றுகூட ஒரு நாள் எனக்குத் தோன்றியது, மறுவாரம் மலைக்குப் போனதும் அந்த எண்ணம் போய்விட்டது.

காற்றில்லாத மாதங்களில் மேம்பாலத்தின் ஏறுமுகம், கொள்ளிடத்துப் பாலங்களின் அணுகுசாலை, எதுவானாலும் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள், பார்ப்பவர்களைப் பார்க்காதீர்கள். சரளைக்கும் செம்மண்ணுக்கும் வல்லம் பக்கம் போங்கள். வண்டல் முடிந்து செம்மண் மேடு தொடங்கும் இடம் அது, சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு, டயர் வழுக்குவது எப்படி என்று உடம்பு அங்கேதான் கற்றுக்கொள்ளும். மணல் ஓட்டக் கோடையில் காய்ந்த ஆறு இருக்கிறது. சமநிலைக்கு வரப்பு. ஆமாம், வயல் வரப்புதான். ஒரு அடி அகலம், இரண்டு பக்கமும் பள்ளம், மெதுவாக ஓட்டினால் விழுவோம், பயந்தாலும் விழுவோம், பார்வையைப் பத்தடி முன்னால் வைத்தால் மட்டும் தாண்டுவோம். வெளிநாட்டில் இதற்கென்று மரப்பலகை அடித்துத் தடம் செய்கிறார்கள். ஆனால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு ஓட்டுங்கள், சம்பா அறுப்புக்குப் பின் வயல் சும்மா கிடப்பது போல் தெரியும், உள்ளே உளுந்தோ பயறோ முளைத்துக்கொண்டிருக்கும். அதேபோல் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் பரப்பியிருந்தாலும் இறங்குங்கள், அது மரியாதைக்கு மட்டுமில்லை, பனியில் நனைந்த வைக்கோலில் முன் பிரேக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை என் முழங்கை சொல்லும்.

மழை பெய்த களிமண் கரையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். பத்து மீட்டரில் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் சுற்றாது, பின் கியரைத் தாங்கும் தொங்கட்டான் ஒடியும், கரையும் கெடும்.

இப்படியெல்லாம் செய்தாலும் ஒன்று மட்டும் இங்கே கிடைக்காது: இறக்கம். டெல்டாக்காரன் மலைக்குப் போனால் ஏறிவிடுவான், இறங்கும்போதுதான் பின்தங்குவான். அதற்காக மாதத்துக்கு ஒருமுறையாவது திருச்சி தாண்டிப் போகத்தான் வேண்டும். துறையூர் வழியாகப் பச்சைமலை, சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் சாலை, முதலில் அதுவே போதும். கால் தேறிய பிறகு கொல்லிமலை: 70 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது எண்ணாதீர்கள். இறங்கும்போது பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வரக்கூடாது, சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். குதிகால் கீழே, இடுப்பு பின்னால், ஒரு விரல் மட்டும் லிவரில். சாலையை விட்டுக் காட்டுத் தடத்தில் இறங்க ஆசை வரும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு ஊர்ப்பாதையில் மட்டும் ஓட்டுங்கள்.

ஆற்று முறை

வேலையையும் பயிற்சியையும் சமமாகப் பிரிக்க முயன்று தோற்றவன் நான். அப்புறம்தான் நீர்வளத் துறை செய்வதையே செய்தேன், முறை வைத்தேன். தண்ணீர் குறைவாக இருக்கும்போது எல்லா வாய்க்காலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது, இந்த வாரம் இதற்கு, அடுத்த வாரம் அதற்கு என்று விட்டால்தான் சேரும். மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. குறுவை அறுப்பு வரும் செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா அறுப்பு வரும் ஜனவரி, பிப்ரவரியிலும் எங்கள் கொட்டகையில் தூக்கம்கூடக் கிடைக்காது. அந்த மாதங்களில் வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், உடம்பு மறக்காமல் இருக்க மட்டும். நவம்பரில் மழையைச் சபிக்காமல் வீட்டுக்குள் குந்தி எழும் பயிற்சியும் எடை தூக்குவதும். மார்ச்சிலிருந்து நீண்ட ஓட்டம், ஜூன் முதல் ஆகஸ்டு வரை காற்று இருக்கும்வரை கடினப் பயிற்சி, பந்தயமும் அந்தக் கடைசியில். உங்கள் வேலைக்கு வேறு பருவம் இருக்கும். ஆண்டுக்கணக்கு முடிக்கும் மார்ச்சோ, பள்ளித் தேர்வோ. அதைக் கேலண்டரில் முதலில் குறித்துவிட்டுப் பந்தயத்தைத் தேடுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

முதல் பந்தயம்

முக்கியமாக மூன்று வகை உண்டு. கிராஸ் கன்ட்ரி என்பது சில கிலோமீட்டர் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, 1996இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது, உலகத் தர வீரர்களுக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மாரத்தான் என்பது 60 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நீட்டு. டவுன்ஹில் என்பது இறக்கம் மட்டும், இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டெல்டாவில் பயிற்சி எடுத்தவருக்கு மாரத்தான் பொருந்தும், அங்கே பொறுமைக்குத்தான் மதிப்பு. நம் பக்கத்தில் இந்த விளையாட்டே இல்லை என்று நினைக்காதீர்கள்: 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டியே கேரளத்தில் பொன்முடியில் நடந்தது. உள்ளூர்ப் பந்தயத்தில் வயதுப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் இருபது வயதுப் பையன்களோடு நிற்க வேண்டிவரும். நான் நின்றேன். கடைசியிலிருந்து ஐந்தாவது.

ரயிலில் கொண்டுபோவதாக இருந்தால் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பேசி, பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பிரேக் டிஸ்க்குக்கு அட்டை வைத்துக் கட்டுங்கள். முந்தின நாளே போய்த் தடத்தை ஒரு சுற்று மெதுவாகப் பார்த்துவிடுங்கள், மிரட்டும் பாறையை நடந்து பாருங்கள். டயரில் காற்றை நம் ரோட்டுக்கு வைத்த அளவில் விட்டுவிட வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ்ஸில் 22, 25 பிஎஸ்ஐ சுற்றி வைத்துத் தொடங்கிப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லோரும் பாய்வார்கள், விடுங்கள். முதல் ஏற்றத்தின் பாதியில் அவர்களில் பலரை நடந்துபோகும் நிலையில் சந்திப்பீர்கள்.

திங்கட்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்பு சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவ பம்புசெட் குழாயின் வேகத்தை நேராக ஹப்பிலும் பெடல் அச்சிலும் காட்டாதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போனால் ஒரு மாதத்தில் கரகரக்கும். ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி, பல்துலக்கும் பிரஷ் போதும். நிழலில் காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அதிகப்படியைத் துடைத்துவிடுங்கள்.